மூலை கருகிய லேபல்

ஆடி 12, செவ்வாய்.

பேத்தி செல்விக்கு நெஞ்சுச் சளி. மகன் டவுன் கடையில் வாங்கிய மருந்தை இரண்டு நாளாகக் கொடுக்கிறோம். காய்ச்சல் இறங்கவில்லை. இன்று போத்தலைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், லேபலின் மூலை கருகியிருந்தது. போன மழைக்காலத்தில் என் புருஷனுக்கு மருந்து ஊற்றும்போது குப்பி லாம்பில் அதைக் கருக்கியது நான்தான். அவர் செத்த பிறகு, பழைய போத்தல் எடுக்க வரும் போத்தல்காரனிடம் போட்டேன். லேபல் கிழியாத மருந்துப் போத்தலுக்கு மட்டும் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டி கொடுத்தான். அந்தப் பாவியின் முகம் சாகும்வரை மறக்காது.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் போத்தலோடு ஓடி, எல்லாம் சொன்னேன். முகர்ந்து பார்த்தார்.

"வெறும் சீனிப்பாணி பாட்டி. போலி மருந்து விக்கிற இவனுங்கள உள்ள போட சட்டம் இருக்கு. ஆனா இது உங்க பழைய போத்தல்னு கோர்ட்டுல நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா என்னையும் புடிப்பாங்களா ஐயா?"

அவர், விடிந்ததும் பிள்ளையை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துண்டுச் சீட்டு எழுதினார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மருமகள் கேட்டாள், "சவர்க்காரம் நல்லா நுரைச்சுச்சா அத்தே?"

நான் வாய் திறக்கவில்லை. கோர்ட்டில் திறப்பேன். என்னையும் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஆனால் அன்று நான் போட்டது ஆறு போத்தல். ஒன்றுதான் திரும்பி வந்திருக்கிறது. செல்வி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த குடும்பத்தின் காம்பராவிலும் ஒரு பிள்ளை இருமுகிறது. மருந்து எங்கே வாங்கினார்கள் என்று போய்க் கேட்கவேண்டும். லாம்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.