ஜப்பானில் உனக்கு வைத்த சோறு

என் ஆசை நைனாவுக்கு, நீ பதில் போட மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் ஊருக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. மந்தைவெளியில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை. உன் சட்டை அதே ஆணியில்தான் தொங்குகிறது. உன் ஸ்பேனர் பையை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் நீதான் என்று எழுந்துவிடுகிறேன். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்கு நீ இல்லை என்று எப்படி நம்பிக்கை வரும், சொல்லு?

காலேஜிலிருந்து பரிமாற்ற மாணவியாக ஜப்பானில் ஒரு வருஷம் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது, நீ குழாய் ரிப்பேருக்குப் போன வீட்டிலெல்லாம் "என் பொண்ணு ஜப்பான் போவுது" என்று சொல்லி வைத்தாய். வீடியோ காலில் நீ முதலில் காட்டச் சொன்னது எதை? கோயிலையா, மலையையா? கக்கூஸை! "இன்னா பாப்பா, இத்தினி பட்டன் கீது! ரிப்பேரானா எவன் பாப்பான்?" நான் தங்கியிருந்த வீட்டு யோஷிகோ அம்மாவிடம் இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலாவது மாசம் நீ போய்விட்டாய். அம்மாதான் போன் செய்தாள். "நீ வராத பாப்பா. புள்ள படிப்பக் கெடுக்காதன்னு நைனா சொல்லிட்டுத்தான் போனாரு." மாமா வீடியோவில் உன் முகத்தைக் காட்டுகிறேன் என்றார். எனக்குத் தைரியமில்லை, கட் செய்துவிட்டேன்.

அடுத்த அமாவாசைக்குச் சோறும் பருப்பும் பிசைந்து பால்கனியில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். வந்ததே ஒரு படை! நம்ம ஊர்க் காக்காயைவிட எவ்வளவோ பெரிசு. ஒரு பருக்கை விடாமல் தின்றன. நீதான் பசியோடு வந்திருக்கிறாய் என்று அழுதேன். மறுநாளும் வந்தன, அதற்கு மறுநாளும் வந்தன. அந்தத் தெருவில் காக்காய்க்குப் பயந்தே குப்பைப் பைகளை வலை போட்டு மூடுவார்கள். இவை வலையை இழுத்து, பைகளைக் கிழித்து, தெரு முழுக்கக் குப்பை. யோஷிகோ அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஏழு வீட்டு வாசலில் குனிந்து மன்னிப்புக் கேட்டார். மானம் போச்சு, நைனா.

வீட்டுக்கு வந்ததும், காக்காய்க்கு ஏன் சோறு வைத்தாய் என்று கேட்டார். தெரிந்த ஜப்பானிய மொழியில் திக்கித் திணறி, "எங்க ஊர்ல செத்துப்போனவங்க காக்காயா வருவாங்க. எங்க நைனாவும் வருவாரு" என்றேன். செத்துப்போன தன் கணவரின் படத்தை அவர் ஒரு சின்ன மாடத்தில் வைத்திருந்தார். தினம் காலையில் அதன் முன்னால் சோறு வைத்து மணியடிப்பார். மறுநாள் அங்கே ரெண்டு கிண்ணம் சோறு இருந்தது, பக்கத்தில் என் மேஜையிலிருந்த உன் படம். "இனிமே இவருக்கும் இங்கதான் சாப்பாடு" என்றார். நீ என்னை வர வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். "எவ்வளவு நல்ல அப்பா" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதி எட்டு மாசத்தையும் படித்து முடித்தேன்.

நேற்று அமாவாசை. சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு அப்பிடிச் சொல்லவே இல்ல பாப்பா. கடைசி ரெண்டு நாளா படுத்துக்கினு 'பாப்பா எங்க, பாப்பா எங்க'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. 'வந்துக்கினே கீது'ன்னு நான்தான் பொய் சொன்னேன். நீ வந்தா திரும்பிப் போவ மாட்டியேன்னு..."

ஐயோ நைனா! ரெண்டு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டா கிடந்தாய்? அந்த ரெண்டு நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கிமோனோ கட்டிப் படம் எடுத்து உனக்குத்தான் அனுப்பினேன். அதையாவது பார்த்தாயா?

அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இன்று காலையில் அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிடுகிறேனா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அவளை மன்னிக்க எனக்கு நாளாகும், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன். ஒருநாள் அம்மாவும் படுத்துக்கொண்டு "பாப்பா எங்க" என்று கேட்பாள். அன்றைக்கு யாரும் அவளிடம் பொய் சொல்ல வேண்டியிருக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ரெண்டு நாள் நீ தேடிய
உன் பாப்பா