புத்தகம் திறக்காத முதல் வாரம்

நண்பரே,

இன்று காலை கடையிலிருந்து மிளகு கட்டி வந்த தாளைப் பிரித்தேன். காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மி முடித்ததும் என் கண் தானாகவே அந்தத் தாளில் அச்சாகியிருந்த வரிகளுக்குப் போயிற்று. உம்மோடு பழகிய தோஷம். இதை எந்தப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்று யோசித்தபடி நின்றுவிட்டேன். "மிளகைக் கொண்டாருங்க" என்று அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி இரண்டாம் தரம் குரல் கொடுத்தபின்தான் நகர்ந்தேன்.

முக்கூடல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை நம் இருவர் தலையிலும் கட்டினார்களே, அந்த வருஷம். முந்தைய ஆண்டு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பரிசோதனைக்கு வந்து வாசிக்கச் சொன்னபோது வகுப்பே திருதிருவென்று விழித்திருந்தது. இன்னொரு முறை அப்படி நடந்தால் மூன்றாம் வகுப்பையே மூடிவிடப் போவதாக மானேஜர் சொல்லிவிட்டார். மூடினால் ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்தின் மகன் வண்டி கட்டி அம்பாசமுத்திரத்துக்குப் போய்ப் படிப்பான். மற்றப் பிள்ளைகள் மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குத்தான் போவார்கள்.

நானோ முதல் நாளே முதல் பாடத்தைத் தொடங்கத் துடித்தேன். நீர் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டீர். கடை கடையாய்ப் போய்ப் பொட்டலம் கட்டும் தாள்களை வாங்கி வந்தீர். பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து வாசிக்கச் சொன்னீர். ஒரு வாரம் முழுக்க இதே வேலை.

"வாத்தியார் வேலையை விட்டுட்டுப் பலசரக்குக் கடை வைக்கப் போறீரா வே?" என்று கேட்டேன்.

"புத்தகத்தைக் கொடுத்தா எல்லாவனும் ஒப்பிக்கான். யாருக்கு எதுவரைக்கும் தெரியும்னு தெரியாம எங்கன இருந்து வே ஆரம்பிக்க?" என்றீர்.

கர்ணம் மகன் சங்கரன் முறை வந்தபோதுதான் என் கேலி அடங்கிற்று. புத்தகம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவன் அவன். உம்முடைய தாளில் 'உப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் வியர்த்துப்போய் நின்றான். அண்ணன்மார் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டே பாடமாக்கியிருக்கிறான். வகுப்பில் வாயே திறக்காத வண்டிக்காரர் மகன் இசக்கியோ, தன் துண்டைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "மிச்சக் கதை எந்தப் பொட்டலத்துல இருக்கு ஐயா?" என்று கேட்டான். நீர் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்துவிட்டது.

பிறகு, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் போட்டிருந்த வரிசையைக் கலைத்தீர். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களை மணலில் எழுதவைத்து நீரே பார்த்துக்கொண்டீர். கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாதவர்கள் என் பங்கு. வரிக்கு வரி நிறுத்தி, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்க வேண்டும். இசக்கி போன்றவர்களுக்குப் பழைய பத்திரிகைகள். அவ்வப்போது மறுபடியும் பூவரசடிக்குக் கூப்பிட்டுப் பார்த்துத் தேறியவர்களை இடம் மாற்றினீர்.

கர்ணம் கொதித்துப்போய் வந்தார். "எம் மகனை மண்ணுல உக்கார வச்சிருக்கீரு. புத்தகம் பூராவும் சொல்லுதானே, அது போதாதா?"

"பரிசோதனை வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி. வாசிச்சா பேரு அவனுக்கு. வாசிக்கலன்னா பழி எனக்கு. நானே வேலையை விட்டுப் போயிருதேன்."

நீர் பைய எழுந்துபோய் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டீர்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மக்குப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வது அப்போது பல பள்ளிக்கூடங்களிலும் வழக்கம். நீர் முந்தின நாள் வீடு வீடாகப் போய் எல்லாரையும் வரச் சொன்னீர். வந்த இன்ஸ்பெக்டர் பாடப்புத்தகத்தை ஒதுக்கி வைத்தார். பையிலிருந்து ஒரு சர்க்கார் நோட்டீஸை எடுத்து, நேரே சங்கரன் கையில் கொடுத்தார். கர்ணம் வாசலில் நின்றிருந்தார்.

சங்கரன் எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசித்தான். பாதியில் நின்றான்.

"தெரியலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியுது ஐயா. மாட்டுக்கு வாயில நுரை வந்தா கோமாரியாம், தனியாக் கட்டணுமாம். எங்க கருத்தப் பசுவுக்கு நுரை வருது. ஓடிப்போயி மாத்திக் கட்டிட்டு வந்து மிச்சத்தை வாசிக்கட்டுமா?"

இன்ஸ்பெக்டர் போகச் சொல்லிக் கையசைத்தார். மகன் ஓட, அப்பாவும் பின்னால் ஓடினார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டவர்களில் வாசிக்காத பிள்ளை இல்லை. மெல்ல வாசித்தவனும் வாசித்ததைச் சொன்னான். மூன்றாம் வகுப்பு நிலைத்தது. எனக்கு அன்று தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்த சந்தோஷம்.

சாயங்காலம் கர்ணம் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "சங்கரன் தம்பி அடுத்த வருஷம் வாரான். அவனை எந்த வரிசையில வைப்பீரு?" என்று கேட்டார்.

"வாசிக்கச் சொல்லிப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றீர்.

போன ஐப்பசிக் காய்ச்சலில் நீர் போய்ச் சேர்ந்தீர். அந்தச் செய்தி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. ஆழ்வார்குறிச்சியில் நான் இப்போது தலைமை வாத்தியார். போன வாரம் இங்கே பரிசோதனை நடந்தது. வாசலில் நின்று வகுப்பு வகுப்பாகப் பார்த்தேன் வே. ஒரு பிள்ளைகூட வீட்டில் நிற்கவில்லை.