ஒலிக்காத கருவிக்கு நான் இட்ட நான்கு கையெழுத்துகள்

அனுப்புநர்
கோ. கன்னியம்மாள்,
பால்வாடிப் பணியாளர்,
வைத்திக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்
விசாரணை அலுவலர் அவர்கள்,
கடலோர எச்சரிக்கைக் கருவிகள் பிரிவு,
புதுச்சேரி.

பொருள்: செயற்கைக்கோள் வழிப் புயல் எச்சரிக்கைக் கருவி பழுதாய்க் கிடந்தது – மீனவர் இருவர் மாண்டது – விசாரணை அறிக்கையைத் திருத்தவும் கருவிக்குப் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் விசாரணை அறிக்கை, நாள் 5.12.1988.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குப்பத்துப் பால்வாடியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு அக்கட்டடத்தின் மாடியில் பெரிய தட்டு போன்ற ஆன்டெனாவும் கீழே அறையில் கருவியும் பொருத்தினார்கள். புயல் வருவதாயிருந்தால் செயற்கைக்கோள் வழியாக முதலில் சங்கு ஊதும், பிறகு தமிழில் எச்சரிக்கை வரும் என்றார்கள். அறைச் சாவியையும், மாதம் ஒரு முறை சோதித்து எழுதும் பதிவேட்டையும் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

2. சென்ற ஆண்டு ஐப்பசியில் அது ஒரு முறை ஒலித்தது. வலையோடு கிளம்பியவர்கள் அப்படியே நின்று, கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துக் கட்டினார்கள். மதியம் காற்று அடித்தது. ஓர் உயிரும் போகவில்லை. அதன்பின் எங்கள் ஆட்கள் ரேடியோவைக் காட்டிலும் அதைத்தான் நம்பினார்கள்.

3. இவ்வாண்டு ஜூன் மாதம் மாடித் தளம் போட வந்த ஆட்கள் ஆன்டெனாவைக் கழற்றிக் கைப்பிடிச் சுவருக்குள், கீழேயிருந்து பார்த்தால் தெரியாதபடி சாய்த்துவிட்டார்கள். கம்பியையும் வெட்டிவிட்டார்கள். நான் தடுத்தபோது மேஸ்திரி, "கவர்மெண்டு சாமான்தானே, கவர்மெண்டே வந்து மாட்டிக்கும்" என்றார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் தங்கள் பிரிவுக்கு எழுதினேன். பதில் இல்லை. செப்டம்பர் கடைசியில் நேரில் வந்து சொன்னேன்.

4. அக்டோபரில் தங்கள் பிரிவிலிருந்து ஓர் ஊழியர் வந்து பார்த்தார். "கம்பி ஸ்டாக் இல்லம்மா, வந்தா போட்டுடுவோம். ரிஜிஸ்டரக் காலியா வுடாதீங்க, மேல இருந்து கேட்டா ஒங்க வேலைக்குத்தான் கேடு" என்றார். ஜூலை முதல் அக்டோபர் வரை நான்கு மாதத்துக்கும் 'சரியாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எழுதிய கை என்னுடையது. கருவி கெட்டிருப்பதைக் குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதிவேடு பொய்யென்று தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

5. நவம்பர் 17ஆம் தேதி விடியும் நேரம், என் தம்பி வடிவேல் கடலுக்குப் போகும் வழியில், பால்வாடியை ஒட்டிய என் வீட்டு வாசலில் நின்றான். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. "அக்கா, மிஷின் எதுனா ஊதிச்சா?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். "அப்பச் சரி, போயிட்டு வந்துடறேன்" என்று போனான். நான் சொன்னது பொய் இல்லை ஐயா. ஆனால் அது ஏன் ஊதவில்லை என்பதை நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அடுப்பில் சோறு பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டேன்.

6. வடக்கே அடுத்த குப்பத்தில் கருவி வேலை செய்தது. அன்று விடியுமுன்பே அங்கே சங்கு ஊதியதால் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. அந்தச் சத்தம் எங்கள் கரைக்கு எட்டாது. இங்கே முதலில் இறங்கியது வடிவேல், இராமதாஸ், அம்மாவாசை மூவரும் போன மரம். மற்றவர்கள் இறக்குமுன் காற்று மாறிவிட்டது. மூன்றாம் நாள் அம்மாவாசை மட்டும் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உயிரோடு கரை ஒதுங்கினார். இராமதாஸின் உடல் தேங்காய்த்திட்டுப் பக்கம் கிடைத்தது. என் தம்பி கிடைக்கவில்லை.

7. 'கருவி இயங்கியதற்குப் பதிவேடே சான்று. எச்சரிக்கையை அலட்சியம் செய்து மீனவர்கள் கடலுக்குச் சென்றனர்' என்று தங்கள் அறிக்கை கூறுகிறது. தம்பி மனைவி சின்னப்பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் அதை நான்தான் படித்துக் காட்டினேன். அவள் வீடு குப்பத்தின் கடைக்கோடியில் இருப்பதால் அங்கே சங்கு சரியாகக் கேட்காது. "காதுல கேட்டுட்டேவா போனாரு அண்ணி? எங்கள ஒரு நிமிசம் நெனைக்கலியா?" என்றாள். இறந்தவர்கள் மேல் இந்தப் பழி என் கையெழுத்தால் விழுந்தது.

8. வானத்தில் உள்ள செயற்கைக்கோள் அன்று தன் வேலையில் தவறவில்லை. தவறியது எங்கள் மாடியில், இரண்டு முழக் கம்பியில். ஆகவே இக்கருவியைக் குடிநீர்த் தொட்டி, மின்கம்பம் போல ஊர் உயிரோடு இருக்கத் தேவையான உடைமையாகக் கருதி, எழுத்து அனுமதியின்றி எவரும் தொடக்கூடாதென ஆணையிட வேண்டும். மாதச் சோதனையின்போது குப்பத்தார் காதில் விழும்படி சங்கை ஊதவைக்க வேண்டும். பழுதான நாட்களில் கரையில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். மற்றக் குப்பங்களின் பதிவேடுகளையும் கையெழுத்தை நம்பாமல் கருவியைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். அறிக்கையிலுள்ள 'அலட்சியம்' என்ற சொல்லை நீக்க வேண்டும்.

9. பொய்யாக எழுதியதற்கு என் மீது எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் உடன்படுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு என்னை அலுவலகத்துக்கு அழைக்காமல், தாங்களே குப்பத்துக்கு வந்து, இறந்தவர்களின் வீட்டார் முன்னிலையில் என்னைக் கேட்க வேண்டும். இம்மனுவில் உள்ளதைச் சின்னப்பாப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தாங்கள் கேட்டால் சொல்லிவிடுவேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 12.12.1988

மேலே கண்டவை உண்மை என உறுதி கூறும்,
கோ. கன்னியம்மாள்