வெளுத்த இலை நோயல்ல

ஹடப்சர், புணே

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டுவலி இப்போது தேவலையா?

கவலைப்பட ஒன்றுமில்லை, குடியிருப்புச் செயலாளரோடு ஒரு சின்னத் தகராறு. வாசலில் நான் வளர்க்கும் செடியை நர்சரிக்காரர் ஏதோ டாக்வுட் என்னும் வெளிநாட்டுச் செடி என்று சொல்லித்தான் விற்றார். இந்த மழைக்கு அது ஆரஞ்சு நிறத்தில் குட்டிப் பூ விட்டதும், நம் ஊர் வெள்ளிலை என்று கண்டுகொண்டேன். செயலாளருக்கோ வெளுத்த இலைகள் மட்டும்தான் கண்ணில் பட்டன. தோட்டக்காரரை அழைத்துவந்து, “நோய் புடிச்சிருக்கு, மத்ததுக்கும் பரவும், பிடுங்கிப் போடு” என்றார். நான் செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“நோய்னா எல்லா இலையிலயும் வரணும். பூ இருக்கிற இடத்துல மட்டும்தானே வெள்ளை இருக்கு? அது பூவோட பாகம்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். “ஆமா சாப், எங்க மலைக்காட்டுல இது தானா வளருது” என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டார். செயலாளர் நோட்டீஸ் அனுப்புவாராம். அனுப்பட்டும், செடி அங்கேதான் நிற்கும்.

ஓர் அட்டையில் ‘வெள்ளிலை’ என்று உங்கள் கையால் பெரிதாக எழுதி அனுப்புங்கள். செடியில் கட்டப்போகிறேன். இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்க என்னைத் தவிர யாரும் இல்லை. பரவாயில்லை, நான் தினமும் படிப்பேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஆரோக்கியமணி