இரட்டைச் சடைக்கு ஒரு பதில்

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் மீதும் நம் மகள் ரம்ஷா மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். சென்னைச் சாப்பாடு பழகிவிட்டது. போனில் பேசினால் ரம்ஷா பக்கத்தில் இருப்பாள், அதனால் எழுதுகிறேன்.

கார்ட்டூன் கதையில் ஓட்டை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்வதுதானே இங்கே என் வேலை. இப்போது எடுக்கும் கதையில் ஒரு சிறுமி, காணாமல் போன கன்றைத் தேடிப் பொள்ளாச்சிச் சந்தைக்குத் தனியாகப் போகிறாள்.

"அம்மாக்காரி ஏனுங்க பிள்ளையைத் தேடலை?" என்று கேட்டேன்.

"அம்மா செத்துப்போச்சுன்னு வெச்சுக்கலாமுங்க அக்கா" என்றார் கதை எழுதும் சரவணன்.

"வேண்டாமுங்க. வெளியூர்ல வேலை பாக்கறாங்கன்னு வைங்க."

ஒத்துக்கொண்டார்கள். பிறகு இன்னொரு ஓட்டை என் கண்ணிலேயே பட்டது. எல்லாக் காட்சியிலும் அந்தப் பிள்ளைக்கு இரட்டைச் சடை. அம்மா ஊரில் இல்லையே, யார் பின்னிவிட்டது?

"உங்க கண்ணுக்குத் தப்ப முடியாதுங்க அக்கா! முடியைக் கத்தரிச்சுப்போட்டாத் தீர்ந்துதுங்க" என்று சரவணன் அப்போதே கிராப் வரைந்து காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். லுஹர் தொழப் போனவள், தொழுது முடித்தும் வெகுநேரம் எழவில்லை.

ஒரு உதவி மச்சான். எதிர்வீட்டு மைமூன் அக்காவிடம் சடை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். வகிடு கோணினாலும் பரவாயில்லை. பள்ளிக்கு நேரமாகிறதென்று ரம்ஷாவின் முடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

கூப்பிடுகிறார்கள். துஆ கேட்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரம்லா