பின்னால் நிற்க ஓர் ஆள்

கேரவன் பூங்கா, பதினேழாம் இடம்
ஜூன் 4, சனிக்கிழமை

அன்புள்ள என்னங்கவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்டால் "எனக்கென்ன" என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது, கடிதமே போடு என்று சொன்னது நீங்கள்தான். ஆகவே பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியது உங்கள் தலையெழுத்து.

மலையும் கடலும் சுற்றி முடித்து ஒருவழியாக நகரத்துக்கு வந்துவிட்டோம். நானும் என் தோழி டீச்சரும் காரில் முன்னால், நீங்கள் கோழிக்கூண்டு என்று பெயர் வைத்த கேரவன், அந்தச் சக்கர வீடு, கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னால். இன்னும் இரண்டு வாரம் ஊர் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். நினைத்தால் அழுகை வருகிறது, அதனால் நினைப்பதில்லை.

வந்த அன்றே மானம் போனது. கூண்டைப் பின்னோக்கி எடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கூண்டு வலப்பக்கம் போகும். சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வதில் உங்களுக்குத் தம்பி. டீச்சர் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், ஐயோ அந்தப் பக்கம்டி" என்று கத்தக் கத்த நிறுத்தி முடித்தேன். இத்தனை நாள் ஓட்டியும், அவள் குரல் இல்லாமல் என்னால் ஒரு முழம் பின்னால் எடுக்க முடியாது.

ஆனால் இந்த நகரம் இருக்கிறதே. கப்பல் வந்தால் ஆற்றுப் பாலம் இரண்டாகப் பிரிந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டார்கள். நாங்கள் இருவரும் இறங்கி ஓடினோம். இந்த வயதில் ஓடினேன் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய மருந்துக்கடையை அப்படியே பெயர்த்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் மெழுகில் செய்த மருந்துக்கடைக்காரர், மூக்கு நுனியில் கண்ணாடி, சிரிப்பு கிடையாது. டீச்சர் என் காதில், "உன் வீட்டுக்காரர் நமக்கு முன்னாடியே வந்துட்டாரு பாரு" என்றாள். சிரித்தேன். பிறகு திரும்பி வந்து அவரை இன்னொரு முறை பார்த்தேன். அந்த மனிதரை யாரும் ஒருநாளும் வெளியே கூட்டிப் போகப்போவதில்லை.

உங்கள்
இந்தாம்மா


ஜூன் 7

இந்தாம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறேன். என்னைக் கண்டால் மொட்டு விடமாட்டேன் என்கிறது. வெள்ளைப் போர்வையைத் துவைத்ததில் அது இளநீலம் ஆகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது.

என்னை மெழுகுப் பொம்மை என்று இரண்டு பெண்பிள்ளைகள் சிரித்ததைத் தபால்தலை ஒட்டித் தெரிவித்ததற்கு நன்றி. கடையை ஒருநாள் சாத்தினால் சர்க்கரை நோயாளிகள் எங்கே போவார்கள் என்று உனக்குத் தெரியாதா?

இருக்கட்டும். அந்தப் பொம்மைக்குப் பின்னால் நீலக் குப்பிகள் இருந்தனவா? அந்தக் காலத்தில் விஷ மருந்தை நீலக் குப்பியில் வைப்பார்கள். இருட்டில் கை பட்டாலும் தெரியும்படி வரி வரியாக இருக்கும். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தராசு எப்படிப்பட்டது, கையில் பிடிப்பதா, மேஜையில் நிற்பதா? நீ இதையெல்லாம் பார்த்திருக்க மாட்டாய்.

வந்ததும் கூண்டை விற்றுவிடலாம். ஆசை தீர்ந்தது அல்லவா.

இப்படிக்கு,
மருந்துக்கடை


ஜூன் 9

அன்புள்ள என்னங்கவுக்கு,

டீச்சரின் மகளுக்கு முன்கூட்டியே பிரசவ வலி எடுத்துவிட்டது. நேற்றுப் பெட்டியைக்கூடப் பூட்டாமல் ரயிலுக்கு ஓடினாள். இப்போது நானும் கூண்டும்தான்.

தனியாகவும் சுற்றுகிறேன். ட்ராமில் தவறான பக்கம் ஏறி, தெரியாத ஒரு தெருவில் இறங்கி, அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் பியானோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். வழி தவறினால் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நல்லதைப் பார்த்ததும் "பாருங்க" என்று பக்கத்தில் திரும்புகிறேன். பக்கத்தில் ஆள் இல்லை.

இன்னொரு சங்கடம். என் இடத்தை வேறு யாரோ முன்பதிவு செய்திருக்கிறார்களாம். பதினான்காம் தேதி, குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து மாதிரி இடத்துக்கு நான் மாற வேண்டும். பின்னோக்கித்தான் போக முடியும். நீங்கள் வந்து பின்னால் நின்று குரல் கொடுங்கள். ஒரு வாரம் நகரம் பார்த்துவிட்டுச் சேர்ந்து திரும்பலாம். நீலக் குப்பிகள் இருந்தனவா என்று நான் சொல்லமாட்டேன். வந்து பாருங்கள்.

உங்கள்
இந்தாம்மா


ஜூன் 12

இந்தாம்மாவுக்கு,

விளையாடாதே. கடை இருக்கிறது. வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேனே தவிர கேரவனுக்குப் பின்னால் நின்றதில்லை.

பூங்காவில் யாரையாவது கேள். இல்லாவிட்டால் கூண்டை அங்கேயே விற்றுவிட்டு ரயில் ஏறு. நீ தனியாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாப்பிடுகிறாயா?

இப்படிக்கு,
மருந்துக்கடை


ஜூன் 15

அன்புள்ள என்னங்கவுக்கு,

நிறுத்திவிட்டேன். நான் தனியாக. முதலில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரையும் கேட்கவில்லை. முதலில் அந்தச் சந்துக்குள் நடந்து பார்த்தேன். ஒரு மூலையில் சிவப்பு வாளி, இன்னொரு மூலையில் துண்டு கட்டிய குச்சி, அடையாளத்துக்கு. ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். நர்ஸாக ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கையில் கத்தி எடுத்துக் கொடுத்த காலத்தில்கூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. அக்கம்பக்கத்துக் கேரவன்காரர்கள் எல்லாம் டீக் கோப்பையோடு வெளியே வந்து நின்றார்கள். காவல்காரர், "இடது, இடது" என்று கையை ஆட்டினார். "அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன்.

அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வலப்பக்கம் போகவேண்டும் என்றால் இடப்பக்கம் திருப்ப வேண்டும், அவசரப்படாமல், போகிறவரை போகவிட்டு. இத்தனை வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது என்ன வித்தை? வாளி மட்டும் நசுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் அழுதேன், சந்தோஷமாகத்தான்.

கூண்டை விற்கமாட்டேன். அடுத்த வருஷம் வடக்கே போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் படகுச் சவாரி. பாலம் திறக்கும்போது அதன் அடியிலேயே போகுமாம். டீச்சர் நினைப்பில் இரண்டு டிக்கெட் வாங்கிவைத்திருந்தேன், ஒன்று கிடக்கிறது. பின்னால் நிற்க இனி எனக்கு ஆள் தேவையில்லை. நீங்கள் வர வேண்டாம்.

உங்கள்
இந்தாம்மா


ஜூன் 17

இந்தாம்மாவுக்கு,

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஸ்டியரிங்கை நீ எந்தப் பக்கம் திருப்புகிறாய் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. தெரிந்துதான் வருகிறேன்.

கடைக் கதவில் ஒட்ட "விடுமுறை" என்று அட்டை எழுதினேன். எத்தனை நாள் என்று போடத் தெரியாமல் வெகுநேரம் பேனாவோடு நின்றுவிட்டுப் போடாமலே ஒட்டிவிட்டேன். அவசர மருந்துக்கு எதிர்க்கடை என்று மட்டும் சேர்த்தேன். அந்தக் கடைக்காரனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்று காலை போய்ச் சொன்னேன். நாற்காலி போட்டான். "அண்ணன் கடையைச் சாத்தறாரா?" என்று தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

கடை ஒரு சாக்குதான். நீ ஓட்டுவாய், டீச்சர் பின்னால் நிற்பாள், அங்கே எனக்கு என்ன வேலை என்று பயந்தேன். வேலை இல்லாத இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது. வேலை எதுவும் இல்லை என்று இப்போது நீயே எழுதிவிட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்கிறேன். எனக்குத் தலையணை மாறினால் தூக்கம் வராது, எடுத்துவருகிறேன். நீலப் போர்வையும் வருகிறது. ரோஜா ஒரு மொட்டு விட்டிருக்கிறது. எதிர்க்கடைக்காரன் தண்ணீர் விடுவான்.

ஞாயிறு காலை முதல் ரயில். படகைத் தவறவிடமாட்டோம். நீலக் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே, நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
என்னங்க