தவிசாளருக்கு எடுத்த ஆரத்தி

நாணல்மலைத் தோட்டம்,
கீழ்க்கணக்கு.

அன்பு மகன் வினோஜனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கட்டார் வெயிலில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் உடனே பிரதேச சபைத் தவிசாளருக்குப் போன் அடித்துக் கத்துவாய் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டு இப்போது எழுதுகிறேன்.

நம் லய வீடுகளுக்கு மேலே மேட்டில் ஹோட்டல் கட்டினார்கள் அல்லவா, அதற்கு அனுமதி கொடுக்கும்போது மழைத்தண்ணீர் இறங்கக் கான் கட்டவென்று பிரதேச சபை ஹோட்டல்காரரிடம் காசு வாங்கியது. கான் வரவில்லை, அந்தக் காசில் டவுன் முகப்பில் தவிசாளர் பெயர் போட்ட அலங்கார வளைவு வந்தது. போன மாத மழையில் ஹோட்டல் முற்றத்துத் தண்ணீர் நம் வீட்டுக் காம்பராவுக்குள் இறங்கி, தங்கச்சி படுத்திருந்த பாய் சேற்றில் மூழ்கிவிட்டது. அப்பா அவளைத் தூக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்! சபைக்குப் போனேன். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் செல்லசாமி, அது தோட்டத்து நெலம் டீச்சர், நாங்க மம்பட்டி வைக்க ஏலாது, கம்பெனிய கேளுங்க என்றார். ஹோட்டலும் தோட்டத்து நிலத்தில்தானே நிற்கிறது, காசு வாங்கும்போது மட்டும் அது சபைக்குச் சொந்தமா என்றேன். படிச்சவங்க இப்புடித்தான் பேசுவீங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை மகன்.

வளைவுத் திறப்புக்கு என் முன்பள்ளிப் பிள்ளைகள் ஆட வேண்டும், நான் ஆரத்தி எடுக்க வேண்டும் என்று சபையிலிருந்தே சொல்லியனுப்பினார்கள். எடுத்தேன். மஞ்சள் சுண்ணாம்போடு பாயில் வழித்த சேற்றையும் கரைத்தேன், நம் மண்ணும் சிவப்புதானே, யாருக்கும் தெரியவில்லை. தவிசாளர் நெற்றியில் கட்டைவிரலால் பெரிய பொட்டாக வைத்து, போட்டோ எடுத்து முடியும்வரை காத்திருந்து, இது கான் இல்லாததால் என் பிள்ளையின் பாய்க்கு வந்த சேறு என்று மைக்கில் சொன்னேன். அவர் துடைக்கத் துடைக்க அது கன்னம் வரை பரவியது. தொடைக்காதீங்க ஐயா, ஹோட்டல்காரவுங்க காசு கட்டுன சேறு, வெலை ஒசந்தது என்று பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா கூவ, கூட்டமே சிரித்தது.

வேலையைப் பறிப்பார்கள் என்று அப்பா பயப்படுகிறார். எனக்கும் பயம்தான், மேகம் கறுத்தாலே தங்கச்சியை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. ஆனால் வருத்தம் துளியும் இல்லை. பிறகு செல்லசாமி வீடு தேடி வந்து, ஒங்க வீட்டுக்குப் பின்னாடி மட்டும் சத்தமில்லாம கான் வெட்டித் தாறோம், தவிசாளர்கிட்ட ஒரு மன்னிப்பு மட்டும் கேட்டுருங்க என்றார். நம் தண்ணீரை அழகம்மா அக்கா வீட்டுக்குத் திருப்பும் கான்! முழு லயத்துக்கும் வெட்டுங்கள், அந்தக் கோடி வீட்டில் தொடங்கி என் வீட்டைக் கடைசியாக வையுங்கள், மன்னிப்பு மட்டும் கிடையாது என்றேன். நேற்று அந்தக் கோடியிலிருந்து கானுக்கு அளவு முளை அடித்துக்கொண்டு வந்தார்கள். மண் இன்னும் தோண்டவில்லை. மழை முந்தினால் கொழுந்துக் கூடைகளில் சேற்றை அள்ளிப்போய்ச் சபை வாசலில் கொட்டுவோம் என்று பெண்கள் பேசிவைத்திருக்கிறார்கள். முதல் கூடை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே. தவிசாளருக்கோ செல்லசாமிக்கோ போன் எடுக்காதே, அவர்கள் என் கணக்கு. நீ நீண்ட ஆயுளோடு நல்லா இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கிருஷாந்தி